ஃபே வெல்டன்: புத்தகத்தில் நடப்பதும் திரையில் நடப்பதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெரில் ஸ்ட்ரீப் நடித்த 'ஷீ டெவில்' (1989) படத்தை வெகுநாள் முன்பு பார்த்துச் சிரித்திருக்கிறேன். பிரிட்டிஷ் எழுத்தாளர் ஃபே வெல்டனின் மூல நாவலை இப்போதுதான் படித்தேன். படத்தில் இல்லாத ஒன்று அதன் கடைசிப் பகுதியில் வருகிறது. கைவிடப்பட்ட மனைவி அறுவை சிகிச்சைக்கு மேல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கணவனின் காதலியாகவே உருமாறிவிடுகிறாள். இதை எந்தக் கணக்கில் பெண்ணிய நாவல் என்கிறார்கள்? படத்தின் திரைக்கதையும் வெல்டன் எழுதியதுதானா? ஒரு சிறுகதையைக் குறும்படத்துக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். பாத்திரத்தின் மனத்துக்குள் ஓடுவதைத் திரைக்குக் கொண்டுவரத் தெரியாமல் தவிக்கிறேன். அவரிடமிருந்து இதற்கு ஏதாவது கற்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

நிறையவே கற்கலாம். ஆனால் நீங்கள் பார்த்த படத்திலிருந்து அல்ல. அதன் திரைக்கதை பேரி ஸ்ட்ரூகாட்ஸ், மார்க் பர்ன்ஸ் இருவருடையது. அதற்கு முன்பே 1986இல் பிபிசி அந்த நாவலை நான்கு பகுதித் தொடராக எடுத்தது. அதை எழுதியவரும் வெல்டன் அல்ல, டெட் வைட்ஹெட். ஆனால் அந்தத் தொடர் அறுவை சிகிச்சையை விடாமல் வைத்துக்கொண்டது. ஹாலிவுட் அதை வெட்டியதும் கதை வெறும் பழிவாங்கல் நகைச்சுவையாகிவிட்டது.

உங்கள் முதல் கேள்விக்கு விடை அந்த வெட்டிலேயே இருக்கிறது. கைவிடப்பட்ட மனைவி ரூத் ஆறடி இரண்டு அங்குல உயரம். கணவனின் காதலி மேரி ஃபிஷர் கடலோரக் கோபுரத்தில் இருந்துகொண்டு காதல் நாவல்கள் எழுதுகிறவள். அவள் எழுதுவது பொய் என்று ரூத் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறாள். சிறிய, மென்மையான, யாரோ வந்து தூக்கிக்கொள்ளக்கூடிய பெண்ணுக்குத்தான் அன்பு கிடைக்கும் என்பது அந்தப் பொய். அந்தப் பொய்க்குள் தன் உடம்பை நுழைக்க ரூத் கால் எலும்புகளை வெட்டிக் குறைத்துக்கொள்கிறாள், வலியோடு நடக்கிறாள். கோபுரமும் கணவனும் அவளுக்குக் கிடைக்கின்றன. மேரியைப் போலவே ஒரு நாவல் எழுதுகிறாள். பதிப்பாளர்கள் கேட்டும் வெளியிட மறுக்கிறாள். அவளால் முடியும், அவ்வளவுதான். அதற்கு மேல் அவளுக்கு அது வேண்டாம். ரூத்தை நாம் பின்பற்ற வேண்டிய பெண்ணாக வெல்டன் எங்கேயும் முன்வைக்கவில்லை. விலைப்பட்டியலை நம் முன்னால் விரித்து வைக்கிறார். பெண்ணியம் என்றால் நல்ல பெண்களின் வெற்றிக் கதை என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அவர் எழுத்து உறுத்தும். 1998இல் பாலியல் வன்முறை பற்றி, ஒரு பெண்ணுக்கு நேரக்கூடியதில் மிக மோசமானது அதுவல்ல என்று அவர் பேசியது பெண்ணியவாதிகள் பலரைக் கோபப்படுத்தியது. அந்தக் கோபம் நியாயமானது. அதை வைத்து 'பிராக்ஸிஸ்' (1978) போன்ற நாவலைத் தள்ளிவிடுவது நமக்குத்தான் நஷ்டம்.

இனி திரைக்கதை. அவர் விளம்பரத் துறையிலிருந்து வந்தவர். முட்டை சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள் என்று பிரிட்டன் முழுக்க ஒலித்த விளம்பரத்துக்குப் பொறுப்பான குழுவை நடத்தியவர். முதல் நாவலான 'தி ஃபேட் உமன்ஸ் ஜோக்' (1967) தொலைக்காட்சி நாடகமாகப் பிறந்து பிறகு நாவலானது. நாவல்களில் இரண்டு வரிப் பத்தி, நடுவில் வெற்றிடம், மறுபடி இரண்டு வரி என்று எழுதுவது அந்தப் பயிற்சியின் பலன்.

'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதி (1971) அவர் எழுதியது. லண்டனின் ஈட்டன் பிளேஸில் 165ஆம் எண் வீடு, ஆண்டு 1903. வேலை கேட்டு வரும் இளம்பெண் முன்வாசல் மணியை அடிக்கிறாள். கீழே இறங்கி வேலைக்காரர் வாசலுக்குப் போகச் சொல்கிறார்கள். தன் பெயர் கிளெமான்ஸ் என்கிறாள். வேலைக்காரிக்கு அந்தப் பெயர் ஒத்துவராது என்று வீட்டு எஜமானி 'சாரா' என்று வைத்துவிடுகிறாள். அவள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வாசல், ஒரு பெயர். இரண்டே செய்கையில் முழு வர்க்க அமைப்பும் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது ஜேன் ஆஸ்டினின் நாவலை வைத்து 1980இல் பிபிசிக்காக அவர் ஐந்து பகுதிகளாக எழுதிய 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'. நாயகி எலிசபெத்துக்குத் தங்கை ஓடிப்போன செய்தி கடிதத்தில் வருகிறது. நாவலில், மாமாவைத் தேடி எலிசபெத் விடுதி அறையின் கதவை நெருங்கும் அதே நொடியில் நாயகன் டார்சி உள்ளே வருகிறான். படிக்கும்போது இது உறுத்தாது, ஆஸ்டினின் குரல் நம்மைத் தூக்கிச் சென்றுவிடும். திரையில் அது 'சரியான நேரத்தில் வந்தான்' என்றாகிவிடும். வெல்டன் எலிசபெத்தையே டார்சியின் மாளிகையான பெம்பர்லிக்கு ஓடவிடுகிறார். தற்செயல் போய், அது அவள் செய்த காரியமாகிவிடுகிறது. அதே தொடரில் எலிசபெத்தின் எண்ணங்களைப் பின்னணிக் குரலாகவும் வைத்திருக்கிறார். அந்த இடங்கள்தான் பலவீனமானவை. முகம் ஏற்கெனவே காட்டிவிட்டதைக் குரல் மறுபடி சொல்கிறது. உங்களுக்கும் முதலில் தோன்றுவது பின்னணிக் குரலாகத்தான் இருக்கும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

உங்கள் சிறுகதையை எடுத்து, பாத்திரம் வாய்விட்டுச் சொல்லாத, கதைசொல்லி மட்டுமே சொல்கிற வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்: இதை யாரிடமாவது சொன்னால் இவளுக்கு இழப்பு உண்டா? உண்டு என்றால் அது வசனம். அந்த இழப்பிலிருந்துதான் காட்சியின் இறுக்கம் வரும். இழப்பில்லாத உண்மையை வசனமாக்கினால் தகவல் சொல்வது போல் செத்துக் கிடக்கும். அப்படிப்பட்டதை ஒரு பொருளிடமோ வாசலிடமோ ஒப்படையுங்கள். எலிசபெத்தைப் போல அவளே எழுந்து போகக்கூடிய இடம் ஒன்று உண்டா என்றும் பாருங்கள். இவை எதிலும் அடங்காதவை சில மிஞ்சும்.

மிஞ்சுவதற்கு நல்ல உதாரணம் அவருடைய 'பஃப்பால்' (1980). சாமர்செட் கிராமத்துக்குக் குடிபெயரும் லிஃபி என்ற பெண்ணின் கதை. நடுநடுவே 'லிஃபிக்கு உள்ளே' என்று அத்தியாயங்கள் வரும். கருமுட்டை, ஹார்மோன், கருப்பையின் சுவர் என்று மருத்துவப் பாடநூலின் நிதானத்தோடு எழுதியிருப்பார். வெளியே பக்கத்து வீட்டுக்காரியின் பகை கொதிக்கும்போது உள்ளே உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் மகன் டான் வெல்டன் திரைக்கதை எழுத, நிக்கோலஸ் ரோக் 2007இல் அதைப் படமாக்கினார். திரை எதைக் காட்டினாலும் அந்த வாக்கியங்களின் குரல் அதில் வராது. நாவலைப் படித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். உங்கள் கதையிலும் குரலால் மட்டுமே உயிர்வாழும் பத்தி இருந்தால், குறும்படத்தில் அதற்கு ஈடு தேடி நிமிடங்களைச் செலவழிக்க வேண்டாம். விட்டுவிட்டு அடுத்த காட்சியை எழுதுங்கள்.