ப்ளூடூத்தில் பேசிக்கொண்டே கார் ஓட்டலாமா? கை இரண்டும் ஸ்டீயரிங்கில்தானே இருக்கிறது? பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் இதுவும் ஒன்றுதானே?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். நானும் பல வருடம் அப்படிப் பேசியவன்தான். ஒருநாள் அக்காவிடம் பேசிக்கொண்டே போய், பழகிய திருப்பத்தைத் தவறவிட்டு ஐந்து கிலோமீட்டர் தாண்டிவிட்டேன். கை ஸ்டீயரிங்கில் இருந்தது, கண் சாலையில் இருந்தது, தூக்கக் கலக்கமும் இல்லை. ஆனால் அங்கே இருக்கும் பெரிய பச்சைப் பலகையைப் பார்த்த நினைவே இல்லை. இது எப்படி என்று தேடியபோதுதான் டேவிட் ஸ்ட்ரேயரின் ஆய்வுகளைப் படித்தேன்.

அவர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். 2003-இல் அவருடைய குழு, சிமுலேட்டரில் (திரையில் சாலையைக் காட்டி, நிஜ வண்டிபோல ஓட்ட வைக்கும் கருவி) கார் ஓட்டியவர்களின் கண் எங்கே போகிறது என்பதைக் கருவி வைத்துப் பதிவு செய்தது. வழியில் விளம்பரப் பலகைகள். ஓட்டி முடித்ததும், எந்தெந்தப் பலகைகளைப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியபடி ஓட்டியவர்கள், கண் நேராகப் பதிந்த பலகைகளைக்கூட அடையாளம் சொல்லத் திணறினார்கள். பேசாமல் ஓட்டியபோது சொன்னதில் ஏறக்குறைய பாதிதான் சொல்ல முடிந்தது. கண் பார்க்கிறது, மனம் வாங்கிக்கொள்வதில்லை. என் பச்சைப் பலகைக்கு நடந்ததும் இதுதான்.

2006-இல் வந்த ஆய்வு இன்னும் கடுமையானது. நாற்பது பேரைக் கைபேசியில் பேசியபடியும், ரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹால் ஏறும் அளவுக்குக் குடித்த பிறகும் சிமுலேட்டரில் ஓட்ட வைத்தார்கள். போதையில் ஓட்டியபோது முன் வண்டியை நெருங்கிப் போய் அழுத்தி பிரேக் பிடித்தார்கள். கைபேசியில் பேசியபோது பிரேக் பிடிக்கவே தாமதமானது. மூன்று பேர் முன்னால் போன வண்டியில் மோதினார்கள். மூன்றுமே கைபேசியில் பேசும்போது நடந்தவை. போனைக் கையில் பிடித்துப் பேசினாலும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, பக்கத்து சீட்டில் இருப்பவர்? இதை 2008-இல் சோதித்தார்கள். நெடுஞ்சாலையில் போய், குறிப்பிட்ட ஓய்விடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்த வேண்டும். கூட வந்தவரோடு பேசியவர்களில் பெரும்பாலோர் சரியாகப் போய் நிறுத்தினார்கள். கைபேசியில் பேசியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். கூட இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. நெரிசல் வந்தால் பேச்சைக் குறைக்கிறார், "இதோ வந்துருச்சு" என்று கைகாட்டுகிறார். போனில் இருப்பவருக்கு உங்கள் முன்னால் லாரி திரும்புவது எப்படித் தெரியும்?

2013-இல் ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக மனச்சுமையை ஐந்து வரையான அளவுகோலில் அளந்தார்கள். எந்த வேலையும் இல்லாமல் ஓட்டுவது 1. ரேடியோ கேட்பது 1.21, ஹேண்ட்ஸ்ஃப்ரீ பேச்சு 2.27, போனைக் கையில் பிடித்துப் பேசுவது 2.45. கூட இருப்பவரோடு பேசுவது 2.33, அதுவும் லேசான சுமை இல்லை. ஆனால் அந்தச் சுமையோடு கூடவே இன்னொரு ஜோடிக் கண்ணும் கிடைக்கிறது. வாயால் சொல்லிச் செய்தி அனுப்பும் வசதிதான் இவை எல்லாவற்றையும்விட அதிகம், 3.06. பாதுகாப்பு என்று சொல்லி விற்கப்படும் வசதி இது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 2015-இல் இன்னொன்றும் தெரிந்தது: சில கார்களில் குரல் கட்டளை முடிந்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 விநாடி வரை ஆனது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால்கூட அதற்குள் 300 மீட்டர் கடந்திருப்போம்.

அதனால் பாட்டு கேளுங்கள், தயங்க வேண்டாம். மேப்பில் போகும் இடத்தைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். நான் இப்போது போனை சைலண்டில் போட்டு, "வண்டி ஓட்டுகிறேன், இறங்கியதும் கூப்பிடுகிறேன்" என்ற செய்தி தானாகப் போகும்படி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு முதலில் கோபம்தான். அப்புறம் இதையெல்லாம் அவரிடம் விளக்கிச் சொன்னேன். இப்போது நான் போனை எடுத்தால் அவருடைய முதல் கேள்வியே, "வண்டியிலயா இருக்க?" ஆமாம் என்றால் அடுத்த நொடி வைத்துவிடுகிறார்.