மருந்து எழுதும் நேர்ஸாக வரவேண்டும் என்றால் மருந்தியல் படிப்பு நிற்காது, அக்கா

நேற்றுப் போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, இசட் புள்ளி மருத்துவத்துக்குப் போதவில்லை, இன்னொரு முறை சோதனை எழுத விருப்பமில்லை, நேர்ஸிங் படித்து வெளிநாட்டில் மருந்து எழுதும் உரிமை உள்ள நேர்ஸ் பிராக்டிஷனராக வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உங்களுக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் மெல்பேர்னில் இருக்கும் மச்சாள் “அந்த வேலையில் கடைசி வரைக்கும் மருந்துப் பாடம் படித்துக்கொண்டே இருக்கவேண்டும்” என்று சொன்ன நாளிலிருந்து உங்களுக்கு நித்திரை இல்லை. இந்தப் படிப்பு எப்போது முடியும் என்று கேட்டீர்கள்.

முடியாது. மச்சாள் சொன்னது சரி. அந்த வேலையில் இருக்கும் வரைக்கும் மருந்தியல் படிக்கத்தான் வேண்டும், அதை உங்களுக்கு மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் எவ்வளவு படிக்கவேண்டும், எதற்காகப் படிக்கச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் இப்போது இருக்கும் பயத்தில் பெரும்பகுதி போய்விடும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நேர்ஸ் பிராக்டிஷனர் என்ற பதவி இலங்கையில் இல்லை. இங்கே தாதிய உத்தியோகத்தர் மருந்து கொடுப்பார், மருந்து எழுதுவது டொக்டர். அமெரிக்காவில் 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நேர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்துதான் இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள், டொக்டர் கிடைக்காத இடங்களில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காக. இன்று அங்கே நேர்ஸ் பிராக்டிஷனர் நோயாளியைப் பரிசோதிப்பார், என்ன வருத்தம் என்று முடிவு செய்வார், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார், மருந்தும் எழுதுவார். சில மாநிலங்களில் சுயமாக, சில மாநிலங்களில் ஒரு டொக்டருடன் ஒப்பந்தம் வைத்துக்கொண்டு. அதனால் மகளுடைய திட்டம் முழுக்க முழுக்க வெளிநாட்டுத் திட்டம் என்பதை வீட்டில் எல்லோரும் விளங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து கொழும்பில் அதே வேலையைச் செய்யலாம் என்று கணக்குப் போடவேண்டாம்.

சரி, மருந்தியலை ஏன் விடாமல் படிக்கச் சொல்கிறார்கள்? ஏனென்றால் மருந்து பற்றிய அறிவு நிற்பதில்லை. நம்முடைய வீடுகளில் அறுபது தாண்டியவர்கள் பலர் இருதயத்துக்கு நல்லது என்று தினமும் சின்ன அஸ்பிரின் குளிசை ஒன்று போடுவார்கள், தெரியும்தானே. பல வருடங்கள் அது பலருக்கும் நல்லது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2022இல் அமெரிக்காவின் தடுப்புச் சேவைகளுக்கான நிபுணர் குழு, இதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வராத அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதைப் புதிதாகத் தொடங்கவேண்டாம் என்று சொன்னது, உள்ளே இரத்தம் கசியும் ஆபத்து நன்மையைச் சமன் செய்துவிடுகிறது என்பதால். (அம்மாவுக்கு டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் இதை வாசித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அது டொக்டரிடம் கேட்கவேண்டிய விஷயம்.) டபாகிளிஃப்ளோசின் என்று ஒரு குளிசை, அமெரிக்காவில் 2014இல் சீனி வருத்தத்துக்கு என்று வந்தது, 2020இல் அதையே இருதயம் பலவீனமானவர்களுக்கும், 2021இல் சிறுநீரக வருத்தத்துக்கும் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள், சீனி இல்லாதவர்களுக்கும்கூட. நெஞ்செரிவுக்குப் பரவலாகக் கொடுத்துக்கொண்டிருந்த ரனிடிடினை, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஒரு அசுத்தம் அதில் சேருகிறது என்று 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். வலிக்கும் இருமலுக்கும் கொடுக்கும் கோடீன் கலந்த மருந்தைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று 2017இல் எச்சரிக்கை வந்தது, சில பிள்ளைகளின் உடம்பு அதை மிக வேகமாக மோர்ஃபினாக மாற்றி மூச்சையே நிறுத்திவிடக்கூடும் என்பதால்.

இப்போது ஒருவர் 2013இல் பட்டம் எடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார் என்று வையுங்கள். அவர் 2022இல் ஒரு வயதானவருக்கு எழுதும் மருந்துச் சீட்டை நினைத்துப் பாருங்கள். அவர் கெட்டவர் இல்லை, கவனமில்லாதவரும் இல்லை, ஆனால் அவருடைய கையெழுத்தில் ஒருவருக்குத் தீங்கு வரும். மகளுடைய பெயரில் ஒரு பேனா கொடுக்கிறார்கள் என்றால் இந்தப் பொறுப்பையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். அதை நான் தண்டனையாகப் பார்க்கவில்லை.

மணித்தியாலக் கணக்குக்கு வருவோம், நீங்கள் பயந்த அளவுக்கு அது இல்லை. அமெரிக்காவில் நேர்ஸ் பிராக்டிஷனருக்குச் சான்றிதழ் கொடுக்கும் பெரிய அமைப்புகள் இரண்டு இருக்கின்றன, இரண்டிலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். ஏஎன்சிசி என்ற அமைப்பு அந்த ஐந்து வருடத்தில் 75 மணித்தியாலம் தொடர்கல்வி கேட்கிறது, அதில் 25 மருந்தியல். மற்ற அமைப்பில் 100 மணித்தியாலம், அதிலும் மருந்தியல் 25, அதோடு நோயாளிகளைப் பார்த்த வேலை 1000 மணித்தியாலம். மருந்தியலை மட்டும் பிரித்துப் பார்த்தால் வருடத்துக்கு ஐந்து மணித்தியாலம். ஐந்துதான் அக்கா. இதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் தனி விதி உண்டு, போகும் மாநிலத்தின் நேர்ஸிங் சபையில்தான் பார்க்கவேண்டும். மோர்ஃபின் மாதிரியான கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதப் பதிவு எடுப்பவர்கள், போதைக்கு அடிமையாவது பற்றிய 8 மணித்தியாலப் பயிற்சி ஒன்றை ஒரே ஒரு தடவை முடித்திருக்கவேண்டும், இது 2023 ஜூனில் இருந்து நடைமுறையில் இருக்கிறது.

அவுஸ்திரேலியாவில் சாதாரண நேர்ஸுக்கு வருடம் 20 மணித்தியாலம், நேர்ஸ் பிராக்டிஷனர் என்றால் மருந்து எழுதுவது, பரிசோதனைக்கு அனுப்புவது போன்றவற்றில் மேலதிகமாக 10. மச்சாள் சொன்னது இந்த முப்பதாகத்தான் இருக்கவேண்டும். லண்டன் பக்கம் மூன்று வருடத்துக்கு 35 மணித்தியாலம், அதில் 20 மற்றவர்களுடன் சேர்ந்து படித்ததாக இருக்கவேண்டும். மருந்து எழுதும் உரிமைக்கு அங்கே தனி கோர்ஸ், பதிவுபெற்ற நேர்ஸாகக் குறைந்தது ஒரு வருடம் வேலை செய்த பிறகுதான் அதில் சேரலாம்.

இதில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே ஒன்லைனில் முடிக்கலாம். பெரிய சோதனை என்று ஒன்றும் இல்லை, பாடத்தின் முடிவில் கொஞ்சக் கேள்விகள், அதற்கு ஒரு சான்றிதழ். சிடிசி எனப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் இலவசமாகவே பல பாடங்கள் கொடுக்கிறது. ஒன்றை மட்டும் மகள் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளட்டும்: சான்றிதழில் மருந்தியலுக்கு எத்தனை மணித்தியாலம் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு அன்றைக்கே ஃபைலில் போடவேண்டும். ஐந்தாவது வருடக் கடைசியில் பழைய ஈமெயில்களைக் கிண்டுவது பெரிய தலையிடி, கடைசி மாதத்தில் 25 மணித்தியாலத்தையும் ஒரே மூச்சில் முடிப்பதில் ஒன்றும் மண்டையில் ஏறப்போவதும் இல்லை. இன்னொன்று, மருந்துக் கம்பனி காசில் நடக்கும் கூட்டங்களில் எதைப் படிக்கிறோம் என்று கண்ணைத் திறந்து வைத்திருக்கவேண்டும். கொழும்பில் மருந்தியல் கற்பித்த பேராசிரியர் சேனக பிபிலே, வர்த்தகப் பெயரை விட்டு மருந்தின் உண்மைப் பெயரால் எழுதவேண்டும் என்று போராடிய மனிதர், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதற்குப் பின்னால் இருந்தவர். அவர் இருந்த ஊரில் படிக்கப்போகும் பிள்ளை முதல் நாளிலிருந்தே பனடோல் என்று சொல்லாமல் பரசிட்டமோல் என்று சொல்லிப் பழகட்டும். அமெரிக்காவுக்குப் போனால் அதையே அசிட்டமினோஃபென் என்பார்கள், சல்பியூட்டமோல் அங்கே அல்பியூட்டரோல், இந்த மாதிரிப் பெயர்களைக் கொப்பியில் எழுதி வைப்பது லைசன்ஸ் சோதனையிலும் உதவும்.

கஷ்டமான பகுதி இந்தத் தொடர்கல்வி இல்லை, அதற்கு முன்னால் வருவது. நேர்ஸ் பிராக்டிஷனர் ஆக முதுமாணியோ அதற்கு மேலோ படிக்கவேண்டும், அமெரிக்காவில் அந்தப் படிப்பில் மூன்று பாடங்கள் கட்டாயம்: நோய் உடம்பில் எப்படி வேலை செய்கிறது, உடம்பை எப்படிப் பரிசோதிப்பது, அப்புறம் உயர்நிலை மருந்தியல். மருந்து எங்கே உறிஞ்சப்படுகிறது, ஈரல் அதை என்ன செய்கிறது, சிறுநீரகம் பழுதானவருக்கு அளவை எப்படிக் குறைப்பது, இரண்டு மருந்து ஒன்றையொன்று எப்படிக் கெடுக்கிறது, எல்லாம் உள்ளே போய்ப் படிக்கவேண்டும். இரசாயனவியலில் பாடமாக்கி ஒப்பேற்றிய பிள்ளைக்கு இங்கே மூச்சு முட்டும்.

அதனால் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அம்மம்மா போடும் குளிசைகளின் பெயரை எல்லாம் எழுதி எடுத்து, ஒவ்வொன்றும் எதற்கு, உடம்பில் எப்படி வேலை செய்கிறது, எதனுடன் சேரக்கூடாது, என்ன பக்கவிளைவு வந்தால் உடனே டொக்டரிடம் ஓடவேண்டும் என்று தேடிப் படிக்கட்டும். குளிசையில் கை வைக்கக்கூடாது, அளவை மாற்றச் சொல்லக்கூடாது, படிக்க மட்டும். பிரஷருக்கு எனலாப்ரில் போடுகிறவருக்கு ஏன் வறட்டு இருமல் வருகிறது என்று தேடத் தொடங்கி இரவு பதினொரு மணி ஆகியும் அவள் எழும்பவில்லை என்றால் இந்த வழி அவளுக்குச் சரி. இரண்டாவது குளிசையிலேயே சலித்துப் போய் ஃபோனைக் கையில் எடுத்தால், அது அவளுடைய குற்றம் இல்லை, ஆனால் மருந்து எழுதும் வேலை அவளுக்கு ஆசைதானா, அல்லது டொக்டராக முடியவில்லை என்ற ஏக்கம் இந்தப் பெயரில் வருகிறதா என்று ஆறுதலாகப் பேசிப் பாருங்கள். நேர்ஸாக மட்டும் இருப்பதும் முழுமையான தொழில்தான், தீவிர சிகிச்சைப் பிரிவில், டயலிசிஸில், தாதியர் கல்லூரியில் கற்பிப்பதில் எல்லாம் நல்ல வாழ்க்கை இருக்கிறது. மருந்து பிடிக்கும் நோயாளி பிடிக்காது என்றால் பாமசி பட்டப்படிப்பு இருக்கிறது.

வழிக்கு வருவோம். இங்கே முதலில் பதிவுபெற்ற நேர்ஸ் ஆகவேண்டும், இதற்குக் குறுக்கு வழி கிடையாது. சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகளில் மூன்று வருட டிப்ளோமா, அல்லது கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களில் நான்கு வருடப் பட்டம். டிப்ளோமாவோடு வேலைக்குப் போனவர்கள் நாவலயில் திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டமாக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் முதுமாணி படிக்கப் பட்டம் கேட்பார்கள் என்பதால் என்னுடைய விருப்பம் நேராகப் பட்டப்படிப்புக்குத்தான், வெட்டுப்புள்ளி இடம் கொடுத்தால். தனியார் கல்லூரி என்றால் காசு கட்டுவதற்கு முன் இலங்கைத் தாதியர் சபை அதை ஏற்றுக்கொள்கிறதா என்று நேரில் கேளுங்கள், கல்லூரிக்காரர் வாயால் சொல்வதை எடுக்கவேண்டாம்.

பிறகு வேலை அனுபவம். அவுஸ்திரேலியாவில் கடைசி ஆறு வருடத்துக்குள் உயர்நிலை நேர்ஸாக 5000 மணித்தியாலம் வேலை செய்திருக்கவேண்டும், முழுநேர வேலையில் அது கிட்டத்தட்ட மூன்று வருடம். இதற்கெல்லாம் முன் ஆங்கிலச் சோதனை, அந்த நாட்டு நேர்ஸ் லைசன்ஸ், அமெரிக்காவுக்கு என்றால் அந்த லைசன்ஸுக்கான என்கிளெக்ஸ் என்ற சோதனை. ஆக இன்றிலிருந்து பத்து வருடத்துக்குக் கிட்ட என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை எத்தனை வெளிநாட்டுப் படிப்பு முகவர்களின் பலகை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். உயர்தரம் முடித்த பிள்ளையை நேராக நேர்ஸ் பிராக்டிஷனர் ஆக்கித் தருகிறோம் என்று எவராவது சொன்னால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது: கலியாணம், பிள்ளை குட்டி என்று வந்தால் இதெல்லாம் எப்படி. வருடம் ஐந்து மணித்தியாலமோ முப்பது மணித்தியாலமோ படிப்பு ஒரு குடும்பத்தைக் குழப்பாது, கைக்குழந்தையோடு இருப்பவர்களும் ஒன்லைனில் முடிக்கிறார்கள். பிரச்சினை வருவது வேலையை நீண்ட காலம் விட்டால்தான், ஏனென்றால் இந்த நாடுகளில் வேலை செய்த மணித்தியாலத்தையும் பார்க்கிறார்கள். லண்டனில் மூன்று வருடத்தில் 450, அமெரிக்காவில் நான் மேலே சொன்ன இரண்டாவது அமைப்பில் ஐந்து வருடத்தில் 1000. வாரத்தில் ஒரு நாள் போனாலும் இந்தக் கணக்கு எங்கேயோ சரிவந்துவிடும், முழுதாக விட்டால்தான் திரும்பிச் சேருவது பெரும்பாடு. அதனால் படிப்பைப் பற்றிப் பயப்படுவதை விட, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போது மகள் வேலைக்குப் போவாள் என்பதைத் தெளிவாகச் சொல்லும் துணிவை நீங்களும் அண்ணாவும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குளிசைப் பட்டியலை மகள் எழுதி முடித்ததும் என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவளுடன் தனியாக ஒருமுறை பேசுகிறேன், நீங்கள் இருவரும் பக்கத்தில் இல்லாமல். பட்டப்படிப்பு விண்ணப்பத்தில் படிப்புகளை எந்த ஒழுங்கில் போடுவது என்பதை அப்போது சேர்ந்து பார்ப்போம்.