படம் வரையத் தெரியாதவருக்கு எச்.சி.ஐ.யில் இடம் உண்டா?

கேள்வி: கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். கோடிங் நன்றாக வரும். மனித-கணினி ஊடாட்டத்தை, அதாவது எச்.சி.ஐ.யை, விருப்பப் பாடமாக எடுத்ததிலிருந்து அந்தப் பக்கமே போய்விடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் டிசைன், ஓவியம் எதுவும் எனக்கு வராது. பிஎச்.டி. கட்டாயமா? திரைகளை இப்போது ஏஐ-யே எழுதித் தருகிறதே, இந்தத் துறை நிலைக்குமா?

பதில்: வரையத் தெரியவில்லை என்ற கவலையை முதலில் விடுங்கள். நான் கேட்கும் கேள்வி வேறு. நீங்கள் எழுதிய ஆப்பை ஒருவர் தாறுமாறாகப் பயன்படுத்துகிறார். உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, 'இவருக்கு ஏன் இப்படித் தோன்றியது?' என்று குடைகிறதா? குடைகிறது என்றால் தைரியமாக வரலாம்.

இந்தத் துறையில் கணினிக்காரருக்கு என்ன வேலை என்பதற்கு 1978-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வகத்தில் மவுஸ், ஜாய்ஸ்டிக், இரண்டு வகை விசைகள் ஆகியவற்றைக் கொடுத்து, திரையில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். மவுஸ் ஜெயித்தது. ஆனால் ஜெயித்ததோடு அவர்கள் விடவில்லை, ஏன் என்றும் பார்த்தார்கள். இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலம் என்பதை வைத்து, கை அங்கே போய்ச் சேரும் நேரத்தைக் கணிக்கும் விதி ஒன்றை உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இலேயே தந்திருந்தார். மவுஸ் அந்த விதிக்கு ஒத்துப்போனது, அதன் வேகமும் வெறுங்கையின் வேகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆய்வை நடத்திய மூவரில் ஸ்டூவர்ட் கார்ட் உளவியல் படித்தவர். வில்லியம் இங்கிலீஷ் பொறியாளர், டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைக்கு முதல் மவுஸைச் செய்து கொடுத்தவரே அவர்தான். ஓவியர் யாரும் இல்லை!

அந்த விதி இன்றும் சோறு போடுகிறது. மவுஸை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் சுட்டி திரையின் ஓரத்தைத் தாண்டாது. அதனால் ஓரத்தை ஒட்டிய பட்டன் சின்னதாக இருந்தாலும் கைக்குப் பெரிய இலக்கு. அதையே நாலு பிக்சல் உள்ளே தள்ளி வைத்தால் அந்தச் சலுகை போய்விடும்.

சரி, உங்களிடம் என்ன குறையலாம்? பெரும்பாலும் சோதனை வடிவமைப்பும் புள்ளியியலும்தான். புதிதாக வருபவர்கள் எல்லோரிடமும் பழைய வடிவத்தை முதலிலும் தங்களுடைய புதிய வடிவத்தை அடுத்தும் கொடுப்பார்கள். புதியது வேகம் என்று முடிவு வரும். வராமல் என்ன செய்யும்? முதல் சுற்றிலேயே வேலை பழகிவிட்டதே! பாதிப்பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும். இந்த மாதிரி ஜாக்கிரதையெல்லாம் ஒரு நல்ல உளவியல் செய்முறைப் பாடத்தில் கிடைக்கும். இன்னொரு டிசைன் மென்பொருளைக் கற்பதைவிட அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். நீங்களே எழுதிய ஒரு ஆப்பை, அதை இதுவரை பார்க்காத ஐந்து பேரிடம் ஒவ்வொருவராகக் கொடுங்கள். பட்டனில் 'அலாரம் சேர்' என்று இருந்தால் நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. "நாளையிலிருந்து தினமும் காலை 6 மணிக்கு எழ வேண்டும், ஏற்பாடு செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் வாயைத் திறக்காதீர்கள். "இதை அழுத்தவா?" என்று கேட்டால், "நான் பக்கத்தில் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். முடிந்ததும் எல்லோரும் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அதை நம்பாதீர்கள். விரல் எங்கே தயங்கியது, எத்தனை முறை பின்னால் போய் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் சொன்னது கோளாறுகளைக் கண்டுபிடிக்கத்தான். இரண்டு வடிவங்களில் எது வேகம் என்று நிரூபிக்க அந்த எண்ணிக்கை போதாது. இதைக் குழப்பிக்கொள்ளும் ஆட்கள் வேலையில் இருப்பவர்களிடையேயும் உண்டு.

பிஎச்.டி. யாருக்கு? பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வேண்டும், அல்லது பெரிய நிறுவனங்களின் ஆய்வகத்தில் புதிய உள்ளீட்டு முறைகளை உருவாக்க வேண்டும் என்றால் அநேகமாகத் தேவை. முன்மாதிரிகள் செய்யும் பொறியாளர், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மைப் பொறியாளர், பயனர் அனுபவத்தை (யூஎக்ஸ்) ஆராயும் ஆய்வாளர் ஆகிய வேலைகளுக்குப் பெரும்பாலும் வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு பொறுமை போதாது, ஆராய்ச்சிக்கு அதிகம் வேண்டும். முதல் மவுஸ் 1964-இல் உருவானது, எங்கல்பார்ட் அதை மேடையில் காட்டியது 1968-இல், ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினியோடு வீடுகளுக்குப் பரவத் தொடங்கியது 1984-இல். இருபது வருடம்! செய்தது அடுத்த மாதமே ஆட்கள் கைக்குப் போனால்தான் திருப்தி என்றால் ஆராய்ச்சிப் பக்கம் வர வேண்டாம், வேலைக்குப் போங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட ஏஐ திரையைச் சட்டென்று எழுதிவிடும், உண்மைதான். வெறும் திரை எழுதும் வேலைக்கு மவுசு குறையும் என்றே நினைக்கிறேன். ஆனால் அது பத்து வடிவங்களைத் தந்தால், பார்வை மங்கியவரோ கை நடுங்குபவரோ எதில் தடுமாறுகிறார் என்று யாராவது உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, தொடும் இலக்கு சில விதிவிலக்குகள் தவிரக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. அதைக் கருவியை வைத்தே சரிபார்க்கலாம். 24 இருந்தும் ஒருவர் ஏன் தவறவிடுகிறார் என்பதற்கு நீங்கள்தான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பேராசிரியர்களுக்கு எழுதும்போது ஆப்பின் அழகான படங்களை அனுப்பாதீர்கள். அந்த ஐந்து பேரிடம் என்ன கேட்டீர்கள், எங்கே தடுமாறினார்கள், எதை மாற்றினீர்கள், மாற்றிய பிறகும் எது சரியாகவில்லை என்று இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அதற்கு முன், எச்.சி.ஐ.யின் முக்கிய மாநாடான சி.எச்.ஐ.யில் அந்தப் பேராசிரியர் வெளியிட்ட கட்டுரை ஒன்றையாவது படித்துவிடுங்கள். இந்தத் துறையில் மாநாட்டுக் கட்டுரைகளுக்கு மதிப்பு அதிகம்.