மின்கம்பி வராத வீட்டுக்கு விறகு அடுப்பு: கேள்வி பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்தில் இரண்டு அறை வீடு கட்டியிருக்கிறோம் அண்ணா. மின்சாரம் இல்லை. வீட்டைச் சூடாக்க எவ்வளவு பெரிய அடுப்பு வாங்கலாம்?

பதில்: சிறியதே போதும், தங்கச்சி. பெரியது என்றால் வீடு தகிக்கும், உடனே காற்றுத் துவாரத்தை அடைப்பீர்கள். விறகு எரியாமல் புகையும். அந்தப் புகை குழாயில் தாராகப் படியும், ஒருநாள் தீப்பிடிக்கும். சிறிய அடுப்பில் கொழுந்துவிட்டு எரிவதுதான் சுத்தம். மேலே இரண்டாவது காற்று வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புகையிலுள்ள வாயு சுமார் 600 டிகிரி செல்சியஸில் அங்கே மறுபடி எரிந்துவிடும்.

கேள்வி: புது அடுப்புதான். ஆனாலும் அடுப்புக் கதவின் கண்ணாடி ஒரே நாளில் கறுத்துவிடுகிறதே?

பதில்: விறகு எப்போது வெட்டியது? பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர்தான். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். ஈர விறகைப் போட்டால் எவ்வளவு விலை கொடுத்த அடுப்பும் புகையத்தான் செய்யும். நம் பக்கம் தாராளமாகக் கிடைப்பது வாட்டில், நீலகிரியில் சீகை என்பார்களே, அதேதான். ஓடைத் தண்ணீரை உறிஞ்சும் அந்நிய மரம், வெட்டினால் நிலத்துக்கும் நல்லது. இங்கே குளிர்காலம்தான் வறண்ட காலம். அதன் தொடக்கத்தில் வெட்டிப் பிளந்து, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களில் காற்றாட அடுக்குங்கள். அடுத்த குளிருக்கு எரிக்கலாம். இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். அப்புறம் அந்தக் கண்ணாடி: ஈரச் செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

கேள்வி: பழைய பைன் வேலிக் கம்பங்களை எரிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பச்சை நிறம் ஏறிய கம்பத்தில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஏற்றியிருப்பார்கள். புகையும் விஷம், சாம்பலும் விஷம். வடக்கே வளரும் தம்போட்டி மரமும் ஆகாது; அதன் புகைபட்ட சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும்.

கேள்வி: பராமரிப்பு?

பதில்: வருஷம் ஒருமுறை, ஏப்ரலில், புகைபோக்கியைத் தூரிகை விட்டுத் தேயுங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுங்கள்; சுலபமாக வந்தால் கதவு விளிம்பை அடைக்கும் கயிற்றை மாற்றும் நேரம்.

கேள்வி: ராத்திரி தணலை இம்பாவுலாவில் (துளையிட்ட தகரக் கணப்பில்) அள்ளி அம்மா அறையில் வைக்கலாமா? குளிர் தாங்கமாட்டார்கள்.

பதில்: ஐயோ, கூடாது தம்பி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அப்படித் தூங்கிய குடும்பங்கள் இந்த நாட்டில் எழுந்திருக்காமலே போயிருக்கின்றன. அம்மாவின் கட்டிலை அடுப்பு இருக்கும் அறைக்கு மாற்றுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் அங்கே மாட்டுங்கள், இன்றைக்கே.