சிவப்பு டிக் வராது, ஆனால்...

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு முறையாவது "அரசு நம் போனை ஒட்டுக்கேட்கிறது" என்று ஒரு செய்தி வந்துவிடுகிறது. நாளை முதல் எல்லா அழைப்பும் பதிவாகும், சிவப்பு டிக் வந்தால் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்கிறார்கள். என் கணவர் அத்தனையையும் நம்புகிறார். பொறியியல் படிக்கும் மகன் எல்லாமே புருடா என்கிறான். போன மாதம் புதுக் குக்கர் வாங்குவது பற்றித் தங்கையிடம் போனில் பேசினேன், அன்று இரவே குக்கர் விளம்பரம் வந்தது. ரயில் நிலையத்தில் வேறு முகத்தை அடையாளம் காணும் கேமரா இருக்கிறதாம். எதை நம்ப, எதை விட?
ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் வீட்டில் இரண்டு கட்சி. இரண்டும் செய்கிற தவறு ஒன்றுதான்: செய்தியைப் படிக்கும் முன்பே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அப்பாவுக்கு 'அரசு', 'போன்' என்று இரண்டு சொல் சேர்ந்து வந்தால் போதும், உண்மை. மகனுக்கு அது வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், பொய். கணினிப் பாதுகாப்பு வேலையில் இருப்பதால் இந்த மாதிரிக் கேள்வி வாரத்துக்கு இரண்டாவது என்னிடம் வந்துவிடும். முதலில் அந்த சிவப்பு டிக்கை எடுத்துக்கொள்வோம்.

அந்தச் செய்தியை இன்னொரு முறை திறந்து பாருங்கள். "நாளை முதல்" என்று தொடங்கும். எந்த நாளை? தேதி இருக்காது. எந்தத் துறை போட்ட ஆணை? எண் என்ன? அதுவும் இருக்காது. இதே செய்தி தமிழ், இந்தி, மலையாளம் என்று சட்டையை மாற்றிக்கொண்டு பல வருடமாகச் சுற்றுகிறது. மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு பலமுறை மறுத்தும் ஓயவில்லை. வாட்ஸ்அப்பில் சாம்பல் டிக் ஒன்று, சாம்பல் டிக் இரண்டு, நீல டிக் இரண்டு, அவ்வளவுதான் உண்டு. 2016 ஏப்ரலிலிருந்து அனுப்பும் போனில் பூட்டப்பட்டு, வாங்கும் போனில்தான் செய்தி திறக்கிறது. நடுவில் இருக்கும் நிறுவனமே அதைப் படிக்க முடியாது. அதை விடுங்கள், ஒட்டுக்கேட்கிறவன் "கேட்டுவிட்டேன்" என்று டிக் போட்டுக் காட்டுவானா?

அப்படியானால் வழக்குகளில் வாட்ஸ்அப் உரையாடல் டிவிக்கு எப்படி வருகிறது என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்விதான். போனையே பறிமுதல் செய்து திறந்துவிட்டால் பூட்டு எதற்கு உதவும்? எதிர்முனையில் இருந்தவரே கொடுத்திருக்கலாம். அல்லது கூகுள் டிரைவில் கிடக்கும் பேக்கப்பிலிருந்து வந்திருக்கலாம். பேக்கப்புக்குத் தனிப் பூட்டு 2021 இறுதியில்தான் வந்தது, அதையும் நாமே செட்டிங்ஸில் போய் ஆன் செய்ய வேண்டும். செய்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

சரி, மகன் ஜெயித்துவிட்டாரா? இல்லை. ஒட்டுக்கேட்பது இந்த நாட்டில் சட்டப்படியே நடக்கிறது. அதற்கான இப்போதைய விதிகள் 2024 டிசம்பர் 6 அன்று அரசிதழில் வந்தன. ஒரு எண்ணை ஒட்டுக்கேட்கப் பொதுவாக மத்திய உள்துறைச் செயலாளரோ மாநில உள்துறைச் செயலாளரோ உத்தரவு போட வேண்டும். ஒரு உத்தரவு 60 நாளுக்குச் செல்லும், நீட்டித்துக்கொண்டே போனாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. பின்னால் ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்க்கும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் அரசுச் செயலாளர்கள், ஒரு நீதிபதி கூடக் கிடையாது. என்னைக் கேட்டால் நம் கவலை இருக்க வேண்டிய இடம் இதுதான், டிக்கின் நிறம் அல்ல.

அது சந்தேகத்துக்கு உள்ளான சில எண்களுக்கு. எல்லாருக்கும் பொருந்துவது வேறொன்று இருக்கிறது. அழைப்பு விவரப் பதிவு, போலீஸ் பேச்சில் சிடிஆர். தொலைபேசி நிறுவனங்கள் இதைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையை மாற்றினார்கள். அதற்கு முன் ஓராண்டுதான். நீங்கள் தங்கையிடம் குக்கர் பற்றிப் பேசியது எங்கும் பதிவாகி இருக்காது. ஆனால் எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவரின் கீழ் நின்று பேசினீர்கள் என்பது பதிவாகி இருக்கிறது. இந்த மாற்றம் வந்தபோது உங்கள் குடும்பக் குழுவில் யாராவது ஃபார்வர்ட் செய்தார்களா? செய்திருக்க மாட்டார்கள். உரிமத் திருத்தம் என்ற தலைப்பைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

அதனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. படித்ததும் குலை நடுங்குகிற செய்தியாக இருந்தால் காகிதம் எங்கே, அதாவது அதற்கான ஆணையோ விதியோ எங்கே என்று தேடுவேன். காகிதம் கிடைத்தால் உட்கார்ந்து முழுக்கப் படிப்பேன், அது எவ்வளவு தூக்கம் வரவழைத்தாலும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2025 நவம்பர் 28 தேதியிட்டு, சஞ்சார் சாத்தி செயலியை (தொலைந்த போனை முடக்க, மோசடி அழைப்பைப் புகார் செய்ய உதவும் அரசுச் செயலி) புதுப் போன்களில் முன்கூட்டியே ஏற்றி விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை போன் நிறுவனங்களுக்கு எழுதியது. கெடு 90 நாள். சில நாளில் செய்தி வெளியே வந்தது, எதிர்ப்பு கிளம்பியது. வேண்டாம் என்றால் நீக்கிவிடலாமே என்றார் துறை அமைச்சர் சிந்தியா. ஆனால் ஆணையின் வாசகம் என்ன? செயலியின் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது. அமைச்சர் பேச்சை மட்டும் கேட்டவர் இதில் என்ன இருக்கிறது என்று போயிருப்பார். தலைப்பை மட்டும் படித்தவர் நாளையிலிருந்து நம் படுக்கையறையே டெல்லியில் தெரியும் என்று அனுப்பியிருப்பார். ஆணையைப் படித்தவர்களுக்குத்தான் எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்தது. டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தை அரசே கைவிட்டது.

அரசு மறுத்துவிட்டால் பொய் என்று மகன் சொல்வதாக இருந்தால், அவருக்கு அமெரிக்கக் கதை ஒன்று. 2013 மார்ச்சில் அந்நாட்டு உளவுத்துறைகளின் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பரிடம், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தகவலைச் சேகரிக்கிறீர்களா என்று செனட் குழுவில் ஒருவர் நேருக்கு நேர் கேட்டார். இல்லை என்றார் அவர். மூன்றே மாதத்தில், அந்நாட்டு உளவு அமைப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்களில் முதலில் வந்தது என்ன தெரியுமா? வெரைசான் என்ற தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களைத் தினமும் உளவு அமைப்பிடம் கொடுக்க வேண்டும் என்ற ரகசிய நீதிமன்ற உத்தரவு. அங்கேயும் கேட்டு வாங்கியது பேச்சை அல்ல, யார் யாரிடம் பேசினார்கள் என்ற கணக்கைத்தான். வெளியே வந்ததும் ஒரு காகிதம்தான்.

பெகாசஸ் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இதில் அப்பாவும் மகனும் நிச்சயம் சண்டை போட்டிருப்பார்கள். இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் உளவு மென்பொருள் அது. போனுக்குள்ளேயே புகுந்துவிடுவதால் வாட்ஸ்அப் பூட்டு அதன் முன் ஒன்றும் இல்லை. 2021ல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைப் பரிசோதித்தது. ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை. குழு சொன்னது இவ்வளவுதான். 'பெகாசஸ் நிரூபணம்' என்பதும் தப்பு, 'பெகாசஸ் இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது' என்பதும் தப்பு. அப்புறம், விலை உயர்ந்த அந்த ஆயுதத்தைப் பத்திரிகையாளர், வழக்கறிஞர், அரசியல்வாதி மேல்தான் ஏவுவார்கள். குக்கர் வாங்குகிறவர்கள் மேல் அல்ல.

குக்கருக்கு வருவோம். அமெரிக்காவின் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி ஒன்று கூட அகப்படவில்லை. ஆனால் தேடாத ஒன்று அகப்பட்டது: பயனர் திரையில் என்ன செய்கிறார் என்பதையே வீடியோவாகப் பிடித்து வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பிய செயலி. உங்கள் விஷயத்தில் நடந்தது அநேகமாக இன்னும் சாதாரணமானது. பேசி முடித்ததும் தங்கை தன் போனில் குக்கர் தேடியிருப்பார். இல்லாவிட்டால் நீங்களே ஏதாவது கடையின் பக்கத்தைத் திறந்து விலை பார்த்திருப்பீர்கள். அதோடு, பேசாத பொருளுக்கு அன்று வந்த நாற்பது விளம்பரம் உங்களுக்கு நினைவில்லை, குக்கர் மட்டும் நிற்கிறது. மைக் பற்றிச் சந்தேகம் இருந்தால் சோதிப்பது சுலபம். ஓரளவு புதிய போன்களில் மைக்கோ கேமராவோ ஓடும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும், ஐபோனில் மைக்குக்கு ஆரஞ்சு. கால்குலேட்டர் செயலியைத் திறக்கும்போது ஆரஞ்சோ பச்சையோ மினுங்கினால் அன்றே அதை நீக்கிவிடுங்கள்.

ரயில் நிலையக் கேமரா விஷயத்தில் நான் உங்கள் கணவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். தமிழ்நாடு காவல்துறையிடம் 2021 முதலே முகம் அறியும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் ஒரு கேமராவை அண்ணாந்து பார்த்து அதன் பின்னால் அது ஓடுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. வெறும் பதிவுக் கேமராவாகவும் இருக்கலாம். எனக்கு இதில் பயமே வேறு: அது சரியாகக் கண்டுபிடித்துவிடும் என்பதல்ல, தப்பாகக் கண்டுபிடிக்கும் என்பது.

2017ல் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில், கார்டிஃப் நகரில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டி நடந்தது. கூட்டத்தில் குற்றவாளிகளைத் தேட போலீஸ் முகம் அறியும் கேமராக்களை வைத்தது. "இதோ ஆள்" என்று அது 2,470 முறை கூவியது. அதில் 2,297 தப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று! மென்பொருள் மட்டமானது என்று மட்டும் இதற்கு அர்த்தமில்லை. ஒரு லட்சம் பேர் நடக்கும் இடத்தில் தேடப்படுபவர் பத்துப் பேர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் ஒரு முகத்தில் மட்டுமே தவறுகிற நல்ல கருவி கூட நூறு அப்பாவிகளைக் காட்டும். பத்துப் பேரையும் சரியாகப் பிடித்தாலும், காட்டிய நூற்றுப் பத்துப் பேரில் நூறு பேர் நம்மைப் போன்றவர்கள். ஆக, '99.9 சதவீதத் துல்லியம்' என்று விற்பனையாளர் சொன்னால் எத்தனை முகத்தில், எந்தக் கூட்டத்தில் என்று கேட்க வேண்டும். டெல்லி போலீஸ் 80 சதவீதம் ஒத்துப்போனாலே பொருத்தம் என்று எடுத்துக்கொள்கிறது என்ற விவரம் 2022ல் வெளியே வந்தது ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனுவால்தான். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். உங்கள் மகனுக்கு நேரம் இருந்தால், திருச்சி நிலையத்துக் கேமராக்களில் இந்த மென்பொருள் இருக்கிறதா, எந்த ஆணையின் கீழ், பதிவை எத்தனை நாள் வைக்கிறார்கள் என்று ரயில்வேக்கு ஒன்று போடச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் நம்புவதில் என்ன நஷ்டம் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வீடியோ கால் வந்தது. காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி. "உங்கள் அழைப்பு எல்லாம் எங்களிடம் பதிவாகி இருக்கிறது, அறையை விட்டு நகரக் கூடாது" என்றானாம். நான் போனபோது மனிதர் கதவைத் தாழிட்டுக்கொண்டு, போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்து, அதன் எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஏன் நம்பினீர்கள் சார் என்று கேட்டதற்கு, "அதான் எல்லாத்தையும் ரெக்கார்டு பண்றாங்களே, குரூப்ல போட்டிருந்தாங்களே" என்றார். 'டிஜிட்டல் கைது' என்று எந்தச் சட்டத்திலும் ஒன்று கிடையாது. அப்படி அழைப்பு வந்தால் கட் செய்யுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது அதிகமில்லை. வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினி ஏதாவது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் குடும்பங்களில் நான் பார்த்த உளவு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நடந்தது, பார்த்தவர்கள் சொந்தக்காரர்கள். பேக்கப் பூட்டை ஆன் செய்யுங்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஏபிகே கோப்பை (போனில் செயலியை ஏற்றும் கோப்பு) தொடாதீர்கள். அப்புறம் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒருவர் பெயரில் ஒன்பது வரை அனுமதி உண்டு, நமக்கே தெரியாமல் ஒன்றிரண்டு வேறு எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கும் இடம், சிரிக்காதீர்கள், அதே சஞ்சார் சாத்திதான். செயலி வேண்டாம், அரசு இணையதளத்திலேயே போன் எண்ணும் ஓடிபியும் கொடுத்தால் பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் 'இது என் எண் அல்ல' என்பதை அழுத்திவிட்டு வாருங்கள்.