யாழ்ப்பாணமா, பேராதனையா? இரண்டையும் விரும்புபவர் எதை முதலில் எழுதுவது?

உயர்தரக் கலைப்பிரிவில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் போதுமான இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பயன்படும் தரப்படுத்திய உயர்தரப் புள்ளி) கிடைத்திருக்கிறது, தமிழைச் சிறப்புப் பாடமாகப் படிக்க விருப்பம், யாழ்ப்பாணமும் பிடிக்கும், பேராதனையும் பிடிக்கும், விண்ணப்பத்தில் எதை முதலில் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். 'வீட்டிலிருந்தே போய்வரலாம்' என்று யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதியிருப்பதால் நீங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சேர்ந்தவர் என்று எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். நானும் அந்தக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியைச் சேர்ந்தவள். பேராதனையை முதலில் எழுதி அங்கே தமிழ் சிறப்புப் பட்டம் பெற்றேன். பின்னர் முதுதத்துவமாணி (எம்.ஃபில்) ஆய்வை யாழ்ப்பாணத்தில் செய்தேன். இரண்டு வளாகங்களிலும் படித்தவள் என்பதாலும், இந்த ஒரு கேள்விக்காக என்னிடம் பலர் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள் என்பதாலும் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

வெளிநாடுகளில் படிக்கப் போகிறவர்கள் இரண்டு இடங்களிலிருந்து வந்த அனுமதிக் கடிதங்களையும் மேசையில் வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் கற்கைநெறியையும் பல்கலைக்கழகத்தையும் விருப்ப ஒழுங்கில் எழுதவேண்டும். மேலே எழுதியதன் வெட்டுப்புள்ளிக்கு, அதாவது அங்கே இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்சப் புள்ளிக்கு, உங்கள் புள்ளி போதுமென்றால் அதுவே கிடைக்கும், கீழே எழுதியது அத்துடன் போய்விடும். ஆகவே உங்கள் புள்ளி இரண்டுக்கும் போதுமானது என்றால், தீர்மானிப்பவர் ஆணைக்குழு அல்லர், நீங்கள்தான். 'எது கிடைக்கிறதோ பார்ப்போம்' என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், முதலாவது இடத்தில் எழுதுவதுதான் கிடைக்கப்போகிறது.

யாழ்ப்பாணத்தை நான் ஏன் விரும்பினேன் என்பதைச் சொல்கிறேன். பெரியம்மா வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்பக்கம். பள்ளி விடுமுறைக்கு அங்கே நிற்கும்போது காலையில் இராமநாதன் வீதியால் வரிசையாகச் சைக்கிளில் போகும் மாணவர்களைப் படலையில் நின்று பார்ப்பேன். சேலை கட்டிய அக்காமார் கரியரில் கொப்பிகளை வைத்து, முந்தானையைச் சில்லில் சிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். வளாகத்துக்குள் இருக்கும் பரமேஸ்வரன் கோவிலுக்குப் பெரியம்மாவுடன் போயிருக்கிறேன், கைலாசபதி கலையரங்கில் நாடகம் பார்த்திருக்கிறேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் காணியில், 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கி, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமான இடம் அது. போர்க்காலம் முழுவதும் இடம்பெயர்வுகளுக்கும் தட்டுப்பாடுகளுக்கும் நடுவில் பட்டதாரிகளை உருவாக்கிக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட ஓர் இடத்தை விரும்பாமல் இருக்க என்னால் முடியாது, இன்றைக்கும் விரும்புகிறேன்.

பேராதனையை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரும்பினேன். உயர்தரத்தில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர் அங்கே படித்தவர். 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் கண்டிக்கு அருகே மகாவலிக் கரையில் இருக்கும் பேராதனைக்கு இடம் மாறியதையும், சுவாமி விபுலாநந்தர் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943 இல் பொறுப்பேற்றதையும், அவருக்குப் பின் பேராசிரியர் கணபதிப்பிள்ளை வந்ததையும், 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றியதையும் பாடத்துக்கு இடையிடையே அவர் சொல்வார். சொல்லும்போது அவருடைய குரல் மாறும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எனக்குப் பேராதனை மேல் ஆசை வந்தது.

இரண்டையும் எடைபோட முயன்றபோது நான் முதலில் விளங்கிக்கொண்ட விடயம், இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான இடங்கள் அல்ல என்பது. யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராக இருந்த பேராசிரியர் கைலாசபதி பேராதனையில் பட்டம் பெற்றவர். கரவெட்டி தந்த பேராசிரியர் சிவத்தம்பியும் அங்கே படித்து, பின்னர் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் படிப்பித்தவர். பேராதனையில் கூத்தை மேடையேற்றிய வித்தியானந்தன்தான் 1979 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். வரலாற்றுத்துறையில் பேராசிரியர் இந்திரபாலா பேராதனையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தார். பேராசிரியர் நுஃமான் யாழ்ப்பாணத்தில் படிப்பித்த பின்னர் பேராதனைக்குப் போனார். இன்னும் பின்னால் போனால், இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இல் இயக்கம் தொடங்கிய சேர் பொன்னம்பலம் அருணாசலம், பரமேஸ்வராவைக் கட்டிய இராமநாதனின் தம்பி. அண்ணன் தம்பி இருவரின் பெயரிலும் பேராதனையில் விடுதி மண்டபங்கள் இருக்கின்றன. தமிழ் படிக்கப் போகிற ஒருவருக்கு 'எது தரமானது' என்ற கேள்வியால் பயன் இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தரத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்றால் வேறு எதை வைத்துத் தீர்மானிப்பது? நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி இது: இந்த இரண்டில் எது எனக்குப் பிறகும் கிடைக்கும், எது இப்போது விட்டால் கிடைக்காது? யாழ்ப்பாணம் எனக்குப் பிறகும் கிடைக்கும். என் வீடு அங்கே இருக்கிறது, என் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் போய் இருக்கலாம். இருபது வயதில், வேலையோ குடும்பப் பொறுப்போ இல்லாமல், நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்த பிள்ளைகளுடன் ஒரே விடுதியில் நான்கு வருடம் வாழ்வது மாத்திரம் பிறகு கிடைக்காது. இதைச் சொன்னபோது அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அப்ப அதையே முதலாவதாய்ப் போடு பிள்ளை' என்றார். மாமிமார் சம்மதிக்கவில்லை. யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வரை மறுபடி ஓடத் தொடங்கியது 2014 ஒக்டோபரில்தான். நான் போன காலத்தில் ஏ-9 வீதியால் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை என்று 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் போகவேண்டும். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் தனியே அனுப்புவதா என்பது அவர்களுடைய கவலை; அது அன்பினால் வந்த கவலை என்பதால் அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பேராதனை எனக்குத் தந்ததில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் அறையில் நான்கு பேர். ஒருத்தி மாத்தளைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள், ஒருத்தி அக்கரைப்பற்று, இன்னொருத்தி மட்டக்களப்பில் கூத்து ஆடும் குடும்பத்துப் பிள்ளை. அவளுடைய தகப்பனார் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். முதலாம் ஆண்டில் மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு வகைகளான வடமோடி, தென்மோடி என்று நான் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஓர் இரவு அவள் என்னை விடுதி நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலுடன், தாளக்கட்டை வாயால் சொல்லிச் சொல்லி ஆடிக் காட்டினாள். குளிர்ந்த சீமெந்துத் தரையில் குதிக்கால் விழும் சத்தம் கேட்டு அடுத்தடுத்த அறைகளிலிருந்து சிங்களப் பிள்ளைகளும் வந்து சுவரோரமாக நின்றார்கள். அவர்களில் ஒருத்தி தன் ஊரில் ஆடும் ஆட்டத்தில் இதேபோல ஓர் அடி வரும் என்று ஆடிக் காட்ட, இருவரும் மாறி மாறி ஆடினார்கள். இரண்டு மோடிகளுக்கும் தாளக்கட்டு எப்படி வேறுபடுகிறது என்பது அந்த நடைபாதையில்தான் எனக்குப் பிடிபட்டது. என்னுடைய ஆய்வு வடமராட்சியில் ஆடப்படும் காத்தவராயன் கூத்தைப் பற்றியது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் விடிய விடிய ஆடிய கூத்து, சின்ன வயதில் நித்திரை தூங்கித் தூங்கிப் பார்த்த கூத்து, ஆராயத் தக்க ஒன்று என்ற எண்ணம் மட்டக்களப்புப் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்த பின்னர்தான் எனக்கு வந்தது. அதை ஆராய்வதற்கு ஏற்ற இடமாக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எனக்காகக் காத்திருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேராதனை நூலகம் பெரியது, அதை முழுமையாகப் பயன்படுத்துங்கள். சிங்களம் பேசப் பழகுவீர்கள், அது வாழ்நாள் முழுவதும் உதவும். ஹந்தானை மலைப்பக்கம் போனால் அட்டை கடிக்கும். குன்றின் மேல் இருக்கும் குறிஞ்சிக் குமரன் கோவிலில் வெள்ளிக்கிழமைகளில் நின்றபோது வீட்டு நினைவு எனக்குக் குறைந்திருக்கிறது.

இனி, இந்தப் பதிலை எழுதத் தூண்டிய மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் முடித்து ஊருக்கு வந்தபின் ஒரு நிறுவனத்தின் நேர்முகத்துக்குப் போனேன். என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்த பெரியவர் கேட்ட முதற்கேள்வி, 'ஏன் பிள்ளை, யாழ்ப்பாணத்தில் இடம் கிடைக்கவில்லையா?' என்பது. நான் விரும்பித்தான் போனேன் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவர், சொந்த மண்ணில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கும்போது வெளியே போகிறவர்களுக்குப் பற்றுக் குறைவு என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். பேராதனையிலோ, யாழ்ப்பாணத்தில் படிப்பவர்கள் வீட்டை விட்டு வெளியே வரப் பயந்தவர்கள் என்று பேசிய தமிழ் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேச்சும் எனக்குச் சமமாக வலித்தன. பெற்றோரின் வருத்தத்தைப் பார்த்து, அல்லது கையில் காசில்லாமல், அல்லது அந்த மண்ணிலேயே நின்று படிக்கவேண்டும் என்ற உறுதியால் யாழ்ப்பாணத்தை முதலில் எழுதிய என் பள்ளித் தோழிகளில் எவளும் பயந்தவள் இல்லை. அவர்களில் இருவர் இன்று என்னைவிடச் சிறந்த தமிழாசிரியர்கள். ஒரு பிள்ளை விண்ணப்பத்தில் எழுதும் ஒழுங்கை வைத்து அவளுடைய பற்றை அளப்பதற்கு எவருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே, நான் யாழ்ப்பாணத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எவரும் கருதவேண்டாம். நான் சொன்ன கேள்வியை உங்கள் நிலைமையில் வைத்துக் கேட்டால் விடை மாறலாம். வீட்டில் சுகமில்லாத அம்மாவோ அப்பாவோ இருந்தால், அவர்களுடன் இருக்கும் காலம்தான் பிறகு கிடைக்காதது, யாழ்ப்பாணத்தை எழுதுங்கள். பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை என்றாலும் விடுதி, சாப்பாடு, பயணம் எல்லாம் செலவுதான். மகாபொல உதவித்தொகை கைகொடுக்கும், ஆனால் அதை மட்டும் நம்பிப் புறப்படவேண்டாம். தமிழுடன் வேறு எந்தப் பாடங்களை எடுக்க நினைக்கிறீர்கள் என்பதையும், அவை தமிழ்மொழி மூலம் நடக்கின்றனவா என்பதையும் இரண்டு கலைப்பீடங்களின் கையேடுகளிலும் பாருங்கள். இந்து நாகரிகமோ சைவசித்தாந்தமோ உங்களுக்கு முக்கியம் என்றால் யாழ்ப்பாணத்தின் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. பகிடிவதையைப் பற்றி வீட்டில் கேட்பார்கள். அது 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம், எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் முறையிடத் தயங்கவேண்டாம்.

நீங்கள் குடாநாட்டைச் சேர்ந்தவர் என்று நான் எடுத்துக்கொண்டது பிழையாக இருந்து, 'வீட்டிலிருந்தே' என்பது திருநெல்வேலியில் இருக்கும் உறவினர் வீட்டைக் குறித்தது என்றால், நீங்கள் மலையகத்தையோ கிழக்கையோ சேர்ந்தவர் என்றால், யாழ்ப்பாணத்தை முதலில் எழுதுங்கள் என்றே சொல்வேன். என் அறைத்தோழியின் தங்கை அப்படித்தான் செய்தாள். மாத்தளையிலிருந்து பேராதனை அவளுக்குக் கிட்ட, எந்த வயதிலும் போய்வரலாம். யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம் வாழ்வது பிறகு நடக்காது என்று அவளே தீர்மானித்தாள். மாமிமார் கேட்ட அதே கேள்விகளை அங்கே அவளுடைய வீட்டிலும் கேட்டார்கள். இப்போது அவள் மூன்றாம் ஆண்டு, விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறாள். விண்ணப்பம் மூடும் திகதிக்கு முன்னர் ஒவ்வொரு பக்கத்திலும் படிக்கிற ஒருவருடன் பேச விரும்பினால் எழுதுங்கள், அவளையும் கேட்டுச் சொல்கிறேன்.