பிடித்த ராக் குழு பாடகரை மாற்றியதும் மனசு ஏன் விட்டுப்போகிறது? பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டனில், இடையில் வந்த பாடகர் ப்ளேஸ் பெய்லி காலத்து ஆல்பங்களைக் கேட்கலாமா, ஒதுக்கிவிடலாமா?

கேட்கலாம். ஆனால் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாக ஓடவிட்டால் பாதியிலேயே எழுந்துபோய்விடுவீர்கள். எந்த வரிசையில் கேட்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். அதில் பாதிக்கு மேல் பெய்லியின் கணக்கில் அநியாயமாக எழுதப்பட்டது என்பது என் கட்சி.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மெய்டனின் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் 1993 ஆகஸ்டில் விலகினார். அதற்குள் 1982 முதல் 1992 வரை அவர் குரலில் ஏழு ஸ்டூடியோ ஆல்பங்கள் வந்திருந்தன. 1994இல் உல்ஃப்ஸ்பேன் குழுவின் பாடகர் ப்ளேஸ் பெய்லியைச் சேர்த்துக்கொண்டார்கள். 1990இல் மெய்டனின் பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் அந்தக் குழுதான் முன்னதாக ஏறி வாசித்தது, அதனால் ஆள் புதியவர் இல்லை. 1995 அக்டோபரில் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’, 1998 மார்ச்சில் ‘வெர்ச்சுவல் லெவன்’. 1999 தொடக்கத்தில் பெய்லி வெளியே, டிக்கின்சனும் பழைய கிடார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும் உள்ளே.

“பழைய குரலுக்குப் பழகிவிட்டோம், அதான்” என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அது போதாது. இதே குழு 1981லும் பாடகரை மாற்றியது. முதல் இரண்டு ஆல்பங்களில் பாடிய பால் டியானோவை அனுப்பிவிட்டு டிக்கின்சனைக் கொண்டுவந்தார்கள். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் 1982இல் வந்த அடுத்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. ஒரே குழு, பாட்டு எழுதும் ஆளும் பெரும்பாலும் ஒருவரே, பேஸ் கிடார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ். ஒரு மாற்றம் வாழ்ந்தது, இன்னொன்று நாலைந்து வருஷத்தில் கலைந்தது. வித்தியாசம் முதலில் கட்டையில் இருக்கிறது.

கிடாரின் தடித்த கம்பி சாதாரணமாக ‘ஈ’ ஸ்வரத்துக்கு முடுக்கப்படும். நம் ஆர்மோனியக் கணக்கில் மூணு கட்டை. மெய்டனின் ஏராளமான பாட்டுகள் அந்தக் கம்பியைத் திறந்தபடி மீட்டி, அதன்மேல் ஓடுபவை. கச்சேரியில் பாடுபவர் தன் கட்டையைச் சொல்வார், வயலின்காரர் அதற்குச் சுருதி சேர்த்துக்கொள்வார். இங்கே கிடாருக்குத்தான் பாடகர் வளைய வேண்டும். மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்காமல் சட்டைக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை. டிக்கின்சனுக்கு அந்தச் சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது, ஏனென்றால் பத்து வருஷமாக மெட்டுகளே அவர் தார ஸ்தாயியை நம்பிப் போடப்பட்டன. பெய்லி பாரிட்டோன். அவர் குரலின் அழகு மத்திய ஸ்தாயியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. கரகரப்பு, கனம், ஒரு பயங்கரம். அதே ஆளை டிக்கின்சன் காலப் பாட்டான ‘தி ட்ரூப்பர்’ பாடவிட்டால் உச்சியில் குரல் ஒடுங்கிவிடும்.

இங்கே ஒரு சமமின்மை உண்டு. மேலே போகக்கூடியவர் கீழ்க்குரல்காரரின் பாட்டைப் பாடிவிடலாம். கொஞ்சம் கனம் குறையும், அவ்வளவுதான். கீழ்க்குரல்காரர் மேல் ஸ்தாயிப் பாட்டை அதே கட்டையில் பாட முடியாது. 1981இல் மாற்றம் கீழிருந்து மேலே, 1994இல் மேலிருந்து கீழே. டியானோவின் பாட்டுகள் டிக்கின்சன் வாயில் பிழைத்துக்கொண்டன. டிக்கின்சனின் பாட்டுகள் பெய்லி வாயில் மூச்சுவாங்கின. கூடவே, 1981இல் கைவிட வேண்டிய பழக்கம் இரண்டு ஆல்பம்தான். 1994இல் ஏழு. மேடையில் பாதிக்கு மேல் பழைய பாட்டைப் பாடியே ஆகவேண்டிய கட்டாயம் அதிலிருந்து வருகிறது.

மேல் ஸ்வரத்தை எட்டிப்பிடிக்கிற பாடகருக்கு என்ன ஆகும் என்பதைக் காது சுலபமாகக் கண்டுபிடிக்கும். முதலில் ஸ்வரம் ஒரு மயிரிழை கீழே விழும், சுருதி சேராத மாதிரி இருக்கும். அடுத்து நெடில்கள் சுருங்கும்: ‘ஆ’ என்று திறக்க வேண்டிய இடம் ‘ஏ’ மாதிரி நசுங்கிக் கேட்கும். வரியின் கடைசிச் சொல்லை நீட்டாமல் வெட்டிவிடுவார்கள், அல்லது அந்த வரியைக் கூட்டத்தைப் பாடச்சொல்லி மைக்கை நீட்டுவார்கள். மூன்று நான்கு ராத்திரி இடைவெளி இல்லாமல் இப்படிப் பாடினால் குரல்நாண் வீங்கும், மறுநாள் நடு ஸ்தாயியே வராது. பெய்லி காலச் சுற்றுப்பயணங்களில் குரல் கோளாறால் நிகழ்ச்சிகள் ரத்தானதில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம். டிக்கெட் வாங்கி ஏமாந்தவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? அவனுக்குத் தெரிந்தது, பழைய ஆள் இருந்தால் இது நடந்திருக்காது என்பது மட்டும்.

சுருதியைக் குறைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பல ராக் குழுக்கள் அரைக்கட்டை இறக்கி, இரண்டரைக் கட்டையில்தான் எப்போதும் வாசிக்கின்றன. ஹாரிஸ் இறக்கவில்லை. அது வெறும் பிடிவாதம் என்று முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஒரு கட்டை இறக்கினால் கம்பி தொளதொளக்கும். மெல்லிய (9-42 அளவு) கம்பி போட்ட கிடாரில் குறைந்தது 10-46 என்ற தடித்த செட்டுக்கு மாற்ற வேண்டும். கம்பியின் இழுவை மாறினால் கழுத்தின் வளைவும் மாறும், உள்ளே இருக்கும் இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டும், பிறகு ஒவ்வொரு கம்பிக்கும் பாலத்தில் (கம்பிகளை உடலோடு தாங்கும் பகுதி, bridge) நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். மிதக்கும் பாலம் உள்ள கிடார் என்றால் பின்பக்க ஸ்ப்ரிங்கையும் கையாள வேண்டும். ஒரு நிகழ்ச்சியில் சில பாட்டுக்கு மட்டும் இறக்குவதென்றால் ஒவ்வொருவருக்கும் இரண்டாவது செட் கிடார் மேடையோரம் தயாராக நிற்க வேண்டும். இதைவிடப் பெரிய விஷயம் ஹாரிஸின் வலது கை. குதிரை ஓடுகிற மாதிரி அவர் விரலால் தட்டும் அந்தத் தாளம், விறைப்பான தடித்த கம்பியின் எதிர்ப்பில்தான் துல்லியமாக நிற்கிறது. கம்பி தளர்ந்தால் அடி குழைந்துபோகும். சுருதியை அப்படியே விட்டு, பாட்டை மட்டும் கீழே மாற்றி வாசிக்கலாம் என்றால், திறந்த ‘ஈ’ கம்பிக்குக் கீழே கிடாரில் ஸ்வரமே கிடையாது. மெய்டன் பாட்டின் முதுகெலும்பே போய்விடும்.

இதெல்லாம் உண்மை. இருந்தும் அரைக்கட்டை இறக்குவது செய்யக்கூடிய காரியம்தான், செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பாடகர் என்பவர் மாற்றிப்போடுகிற உதிரிபாகம் என்று நினைத்த இடத்தில்தான் குழு சறுக்கியது.

ரசிகர்கள் அதிகம் பேசாத இன்னொரு மாற்றம் அதே சமயத்தில் நடந்தது. 1981 முதல் 1992 வரை மெய்டனின் எல்லா ஸ்டூடியோ ஆல்பங்களுக்கும் ஒலியமைத்த தயாரிப்பாளர் மார்ட்டின் பிர்ச் ஓய்வுபெற்றுவிட்டார். ‘எக்ஸ் ஃபேக்டர்’ ஹாரிஸின் எஸ்ஸெக்ஸ் ஸ்டூடியோவில், அவரும் நைஜல் கிரீனும் சேர்ந்து தயாரித்தது. கேட்டுப்பாருங்கள்: குரலைச் சுற்றி இடமே இல்லை, கிடார் மெலிந்திருக்கிறது, எல்லாம் வறண்ட அறையில் நடப்பதுபோல இருக்கிறது. புதுப் பாடகருக்குக் குரலை இரட்டித்தும், கொஞ்சம் எதிரொலி சேர்த்தும் கைகொடுக்க வேண்டிய நேரத்தில் அவரை அம்மணமாக நிறுத்திவிட்டார்கள். ஸ்மித்தும் 1990லேயே போய்விட்டதால் பின்குரலில் இருந்த ஒரு நல்ல ஆதரவும் இல்லை. ஒரே ஆல்பத்தில் மூன்று நான்கு விஷயங்கள் மாறியிருக்க, அட்டையில் தெரிகிற மாற்றம் பாடகர்தான். பழி அவர்மேல் விழுந்தது.

‘வெர்ச்சுவல் லெவன்’ விஷயத்தில் எனக்கும் பொறுமை குறைவு. ‘தி ஏஞ்சல் அண்ட் த கேம்ப்ளர்’ கிட்டத்தட்ட பத்து நிமிஷம் ஓடுகிறது, பல்லவி திரும்பத் திரும்ப வந்து சலிக்க வைக்கிறது. தனிப்பாடலாக வெளியிடுவதற்கு அவர்களே அதை வெட்டிச் சுருக்க வேண்டியிருந்தது. டிக்கின்சனே பாடியிருந்தாலும் அந்தப் பாட்டைக் காப்பாற்றியிருக்க முடியாது. அந்த நேரம் பார்த்து டிக்கின்சன், ஸ்மித்தையும் சேர்த்துக்கொண்டு, 1997இல் ‘ஆக்சிடென்ட் ஆஃப் பர்த்’, 1998இல் ‘தி கெமிக்கல் வெடிங்’ என்று இரண்டு நல்ல தனி ஆல்பங்களைப் போட்டார். பழைய பாடகர் காலமாகியிருந்தால் ரசிகன் துக்கத்தோடு புதியவரை ஏற்றுக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஏசி/டிசி என்ற ராக் குழு அப்படித்தான் பிழைத்தது: 1980 பிப்ரவரியில் அதன் பாடகர் பான் ஸ்காட் இறந்தார், ஜூலையில் ப்ரையன் ஜான்சன் பாடிய ஆல்பம் கடையில் இருந்தது. பழையவர் பக்கத்துத் தெருவில் இதைவிட நன்றாகக் கடை நடத்தினால் என்ன செய்வது?

கட்டை பொருந்தினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் கிடையாது. ஜூடஸ் ப்ரீஸ்ட் என்ற மெட்டல் குழு தன் பாடகர் ராப் ஹால்ஃபர்டின் இடத்துக்கு டிம் ஓவன்ஸைக் கொண்டுவந்தது. ஹால்ஃபர்டின் கிறீச்சிடும் உச்ச ஸ்வரம் எதையும் தவறவிடாத குரல், அந்தக் குழுவின் பாட்டுகளையே பாடிக்கொண்டிருந்த ஒரு நகல் குழுவிலிருந்து வந்தவர். இருந்தும் 1997இன் ‘ஜகுலேட்டர்’, 2001இன் ‘டெமாலிஷன்’ இரண்டையும் பழைய ரசிகர்கள் பெரும்பாலும் தங்கள் அலமாரியில் சேர்க்கவில்லை. குரல் இருந்தது, இசையின் போக்கு வேறெங்கோ போய்விட்டது. ஹால்ஃபர்ட் 2003இல் திரும்பினார். ஆக, பார்க்க வேண்டியவை இரண்டு: புதுக் குரலுக்குப் பழைய பாட்டு பொருந்துகிறதா, புதுப் பாட்டை அந்தக் குரலை மனசில் வைத்து எழுதியிருக்கிறார்களா. பெய்லி முதலில் தோற்றார், இரண்டாவதில் பாதி ஜெயித்தார். ஓவன்ஸுக்கு நேர்மாறு.

விற்பனைப் பட்டியலை வைத்து வாதாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘எக்ஸ் ஃபேக்டர்’ பிரிட்டனில் 8ஆம் இடம். டிக்கின்சன் திரும்பி வந்து 2000இல் வெளியான ‘ப்ரேவ் நியூ வேர்ல்ட்’ 7ஆம் இடம். ஒரே ஒரு படி. அமெரிக்காவில்தான் சரிவு பலமாக இருந்தது, பெரிய அரங்குகளில் வாசித்தவர்கள் சின்ன இடங்களுக்கு இறங்கினார்கள். ஆனால் அந்த வருஷங்களில் கிரஞ்ச் என்ற புதுவகை ராக்கின் அலையில் அங்கே பழைய மெட்டல் குழுக்கள் பலவற்றின் கதையும் அதுதான்.

இனி கேட்கும் வரிசை. பழைய பாட்டுகளைப் பெய்லி மேடையில் பாடும் வீடியோக்களை முதலில் திறக்காதீர்கள். பெரும்பாலானோர் அங்கிருந்துதான் ஆரம்பித்து, அங்கேயே முடித்தும் விடுகிறார்கள். முதலில் ‘மேன் ஆன் தி எட்ஜ்’, பிறகு ‘ஃப்யூச்சரியல்’. இரண்டும் குட்டை, வேகம், பெய்லி எழுதுவதில் பங்கெடுத்தவை. அவர் குரல் எங்கே வசதியாக உட்காருகிறது என்று பிடிபடும். மூன்றாவதாக ‘கோமோ எஸ்தாய்ஸ் அமிகோஸ்’. ஃபாக்லாந்து போரைப் பற்றியது, நிதானமான பாட்டு, அவர் குரலின் துயரம் வேறெங்கும் இவ்வளவு தெளிவாக வரவில்லை. இதுவரை பிடித்திருந்தால் மட்டும் பதினொரு நிமிஷ ‘சைன் ஆஃப் த க்ராஸ்’. ‘எக்ஸ் ஃபேக்டர்’ ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்காதீர்கள், 70 நிமிஷத்துக்கு மேல் ஒரே இருட்டு. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 2001 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் டிக்கின்சன் பாடிய ‘சைன் ஆஃப் த க்ராஸ்’, ‘தி க்ளான்ஸ்மேன்’ இரண்டையும் எடுங்கள். ‘ராக் இன் ரியோ’ நேரடி ஆல்பத்தில் உள்ளன. ஒரே ஹெட்ஃபோன், ஒரே ஒலியளவு. மேடைப் பதிவு பொதுவாகச் சத்தம் கூடுதலாக இருக்கும், அதைச் சமன்செய்யாவிட்டால் சத்தமானது நல்லதாகத் தோன்றிவிடும். பல்லவியில் டிக்கின்சன் எங்கோ பறக்கிறார், சந்தேகமே இல்லை. ஆனால் ‘சைன் ஆஃப் த க்ராஸ்’ ஆரம்பத்தில் குரல் தாழ்ந்து வரும் பகுதியை இரண்டிலும் மாற்றி மாற்றி மூன்று முறை கேளுங்கள். அந்த இடம் பெய்லியுடையது என்றுதான் எனக்குப் படுகிறது.

கட்டை விஷயத்தை உங்கள் தொண்டையிலேயே சோதிக்க விரும்பினால், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ பாட்டின் குரலில்லாத கரோக்கி வடிவத்தைத் திறங்கள். விளைவுகள் பட்டியலில் சுருதி மாற்றும் வசதியை எடுங்கள், வேகம் மாற்றுவதைத் தொடாதீர்கள். கழித்தல் 1 என்று கொடுத்தால் அரைக்கட்டை இறங்கும், கழித்தல் 2 என்றால் முழுக்கட்டை. நாலுக்கு மேல் இறக்கினால் ட்ரம் ஓசை சேறாகிவிடும். அசல் சுருதியில் ஒருமுறை, கழித்தல் 2இல் ஒருமுறை கூடவே பாடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பாடுவது நல்லது.